இருபதாம் நாள் மூச்சு

ஏழாவது முட்டையின் தலையில் தேக்கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள் வசந்தகுமாரி.

ஓடு நொறுங்கியது. ஆனால் விழவில்லை. உச்சியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தைக் கொடுத்து ஸ்டிக்கரோடு சேர்த்துக் கிள்ளி எடுத்தாள்.

உள்ளே முழுக் குஞ்சு. இறகு முளைத்து, நகம் வளர்ந்து, அலகின் நுனியில் ஓடு உடைக்கும் வெள்ளைப் பல் வைத்து, புறப்படத் தயாராக இருந்த குஞ்சு. செத்திருந்தது.

"எழுதுங்க. ஏழு. முழுசு."

அவள் கணவன் ரெங்கசாமி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் பிடித்த கை. மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டான்.

"வசந்தா, வாடை தாங்கல. இன்னும் அஞ்சு இருக்கே, அதை அப்படியே கட்டிப் போட்டுருவோமே."

"பன்னெண்டையும் பாக்கணும். ஜன்னலை நல்லாத் தொறங்க."

சனிக்கிழமை காலை ஏழரை மணி. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாவது மாடி. வெளியே மழை. கீழே தேக்கா மார்க்கெட்டில் மீன் வண்டிகள் பின்னோக்கி வரும் பீப் சத்தம். மேசையில் ரெங்கசாமி கடையில் தப்பாவ் கட்டி வாங்கி வந்த தோசை, பொட்டலம் பிரிக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

எட்டு. முழுசு. ஒன்பது. முழுசு. பத்து, தெளிந்த முட்டை, கருவே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு. முழுசு, முழுசு.

வசந்தகுமாரி கையுறையைக் கழற்றினாள். சிங்க்கில் சாய்ந்து நின்றாள்.

"பன்னெண்டுல பதினொண்ணு. எல்லாம் கடைசி நாள் வரைக்கும் வந்திருக்கு. வந்து வாசல்ல செத்திருக்கு."

அவள் தொழில் இதுதான். பாலர் பள்ளிகளுக்கு ஒரு கண்ணாடி மூடிப் பெட்டியையும் பன்னிரண்டு கோழி முட்டைகளையும் கொண்டுபோய் வைப்பாள். இருபத்தோரு நாள் பிள்ளைகள் பார்ப்பார்கள். இருபத்தோராம் நாள் ஓடு விரியும். நான்கு நாள் கழித்து குஞ்சுகள் முட்டை வந்த லிம் சூ காங் கோழிப் பண்ணைக்கே திரும்பிப் போகும். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை அவள் வேலை பார்த்த லைனை மூடியபோது வேலை தேடி அலையாமல் தானே கற்றுக்கொண்ட தொழில். இரண்டு வருஷத்தில் அவள் பெட்டியில் பத்துக்குக் குறைந்து பொரித்ததே இல்லை. அதைச் சொல்லும்போது கழுத்து அரை அங்குலம் நீளும்.

இந்த டெர்மில் நீள வழியில்லை. முதல் பள்ளியில் ஒரே ஒரு குஞ்சு. இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதில், இதோ, பூஜ்யம். ஐந்து வயதுப் பிள்ளைகள் கும்பலாக அழுத வீடியோ பெற்றோர் குழுவில் சுற்றியது. பதினான்கு பள்ளிகளையும் நடத்தும் நிர்வாகம் ஒரே வரியில் எழுதிவிட்டது: திங்கட்கிழமை பூன் கெங் பள்ளிப் பெட்டியும் பொய்த்தால் இதோடு முடிந்தது.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

"இப்ப நான் ஒரு ஆளுக்குப் போன் போடணும்," என்றாள் வசந்தகுமாரி. முகம் கசந்தது. "வியாழக்கிழமை அந்தத் தம்பியை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

துரைசாமி லிம் சூ காங் பண்ணையில் தாய்க்கோழிகளைப் பார்த்துக்கொள்பவன். நாமக்கல்லிலிருந்து வந்து ஐந்து வருஷம். இரண்டாவது ரிங்கில் எடுத்தான்.

"சொல்லுங்கக்கா. இன்னிக்கு என்ன திட்டு?"

"திட்டு இல்ல தம்பி. மன்னிப்பு."

அந்தப் பக்கம் ஒரு சேவல் முழுதாகக் கூவி முடித்தது.

"யாருங்க பேசறது? வசந்தாக்கா போனைக் கீழ கெடந்து எடுத்தீங்களா?"

"வெளையாடாத துரை. உடைச்சுப் பாத்துட்டேன். பதினொண்ணு முழுக் குஞ்சு. உன் முட்டை மேல குத்தமில்ல."

"அதைத்தானுங்கக்கா அன்னிக்கும் சொன்னேன்! நாமக்கல்காரன்கிட்ட வந்து கூமுட்டை அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே. எங்கப்பன் காதுல விழுந்திருந்தா பிளைட் ஏறி வந்திருப்பாரு."

"வரட்டும். அவர் கால்லயும் விழுறேன். இப்பச் சொல்லு, ஏன் செத்துச்சு?"

துரைசாமியின் குரல் மாறியது. கிண்டல் போய்விட்டது.

"அலகு எங்க நிக்குதுங்க?"

"உச்சியில, மொண்டிப் பக்கம், காத்துப் பைக்குள்ள. தோலைக் குத்தி உள்ள நீட்டியிருக்கு. நீட்டுனதோட சரி. ஓட்டுல ஒரு கீறல்கூட இல்ல."

"அப்ப இருபதாம் நாளுங்க. அன்னிக்குத்தான் அது மொதமொதல்ல நெஞ்சால மூச்சு விடும். காத்துப் பை எம்புட்டுப் பெருசு?"

"சின்னது. ரொம்பச் சின்னது. குஞ்சு மேலயும் தண்ணி கோத்திருக்கு."

"பெட்டியில ஈரம் சாஸ்திங்கக்கா. அதான்."

"போடா. உப்பு வெச்சுப் பாத்துட்டேன்."

அவள் உப்பு வைத்துப் பார்த்தது உண்மை. ஈர உப்பை ஒரு மூடியில் போட்டு, ஈரமானியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி எட்டு மணி நேரம் வைத்தால், மானி சரியாக இருந்தால், எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும். நான்கு மானிகளும் எழுபத்தைந்து காட்டின. வெப்பமும் சரி. மின்விசிறியும் சரி. பெட்டியின் காற்றுத் துளைகளை நேற்றே ரெங்கசாமி ஊசி விட்டுப் பார்த்துவிட்டான்.

"அப்ப எனக்குப் புடிபடலைங்க," என்றான் துரைசாமி. "குஞ்சு மூச்சு முட்டித்தான் செத்திருக்கு. அது மட்டும் நெசம். ஆனா பெட்டி பூரா காத்து இருக்குதுங்கறீங்க. அந்தக் காத்து ஏன் அதுகிட்டப் போகல? பொரிச்ச ரெண்டுக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

வசந்தகுமாரி போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தட்டினாள். முதல் பள்ளியின் ஆசிரியை அனிதா.

"ஆண்ட்டி, சாட்டர்டே லா," என்று கொட்டாவியோடு வந்தது குரல்.

"ஒரே கேள்வி, டீச்சர். அன்னிக்குப் பொரிச்ச ஒண்ணு, அது எந்தப் பிள்ளையோட முட்டை?"

"அதுவா? ரித்திக்கோடது. ஓ மை காட், அந்தப் பையன் இன்னமும் பெருமை அடிச்சிட்டுத் திரியிறான். மத்த பதினொரு பேரும் அவன்கூடச் சண்டை."

"அவன் முட்டையில ஏதாச்சும் வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லையே. அவன் லேட்டா சேர்ந்தான், இல்லையா? நீங்க ஸ்டிக்கர் பிரிண்ட் பண்ணப்போ அவன் பேரு லிஸ்ட்ல இல்ல. பாவமா இருந்துச்சு, நான்தான் பென்சில்ல எழுதிவிட்டேன்."

வசந்தகுமாரியின் பார்வை மெதுவாகத் திரும்பியது. செய்தித்தாளின் மேல் ஓட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். பூவைப்போல இதழ் இதழாக வெட்டி, முட்டையின் உச்சியில் குல்லாய் மாதிரி கவிந்து உட்காரும் ஸ்டிக்கர். நடுவில் பிள்ளையின் பெயர். தண்ணீர் பட்டாலும் அழியாத பிளாஸ்டிக்.

சிங்கப்பூரில் பாலர் பள்ளிப் பிள்ளையின் பெயர் ஒட்டாத பொருள் கிடையாது. தண்ணீர் போத்தல், செருப்பு, குடை, வண்ணப் பென்சில் ஒவ்வொன்றிலும் பெயர். முட்டையில் மட்டும் ஏன் பென்சில் கிறுக்கல் என்று ஒரு தாய் கேட்டாள். கேட்ட அடுத்த மாதம், இந்த டெர்ம் தொடக்கத்தில், ஸ்டிக்கர் வந்தது. பெற்றோர் கொண்டாடினார்கள்.

"இரண்டாவது ஸ்கூல்ல பொரிச்சது, அந்த வாலுப் பொண்ணு சுரண்டிச் சுரண்டி ஸ்டிக்கரைப் பிச்சுப்போட்ட முட்டை," என்றாள் வசந்தகுமாரி, யாரிடமும் இல்லாமல். "நான்தான் அதைத் திட்டினேன்."

ரெங்கசாமி ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஓட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குன்னு நீதான சொல்லுவ?"

"ஆயிரக்கணக்குல. மொண்டிப் பக்கம்தான் நெறைய. அது வழியாத்தான் ஈரம் வெளிய போகும், காத்து உள்ள வரும்."

"துவாஸ்ல கப்பல் டேங்க்குக்குள்ள ஆளு எறங்கியிருக்கையில எவனாவது மேன்ஹோல் மேல சாக்குப் போட்டாக்கூட அடிக்கப் போவேன் வசந்தா. முப்பது வருஷம் அதையே பாத்தவன். என் கையால பன்னெண்டு பன்னெண்டா மேன்ஹோலை மூடி ஒட்டியிருக்கேன். மூணு ஸ்கூல்ல."

ஸ்டிக்கர் யோசனை அவனுடையது. முதுகு போய்ப் பட்டறையை விட்டபின் மனைவியின் தொழிலுக்கு அவன் செய்த முதல் காரியம். கம்ப்யூட்டரில் தானே வரைந்தான். டன்லப் ஸ்ட்ரீட்டில் அச்சுக்கடை வைத்திருக்கும் நண்பன் ஜாஃபரிடம் கொடுத்தான். ஒட்டியதும் அவனே.

சட்டென்று நிமிர்ந்தான்.

"இரு. நான் குடுத்தது அஞ்சு காசு அளவு! விலாவுல ஒட்டுற மாதிரி சின்ன வட்டம். ஜாஃபர்தான் குல்லாய் மாதிரி அடிச்சு வெச்சிருந்தான். அழகா இருக்கேன்னு நானும் வாயை மூடிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அவனை இப்பவே…"

போனை எடுத்தான். வசந்தகுமாரியின் கை அதன்மேல் விழுந்தது.

"ஜாஃபரை அப்புறம் பாத்துக்கலாம். பூன் கெங் பெட்டிக்கு இன்னிக்குப் பத்தொம்பதாம் நாள்."

அப்போதுதான் அது அவனுக்கும் உறைத்தது. பன்னிரண்டு முட்டைகள். பன்னிரண்டு குல்லாய்கள். நாளைக்கு முதல் மூச்சு.

படுக்கையறைக் கதவு திறந்தது. சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த மகள் யாமினி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ம்மா, வாட் இஸ் தட் ஸ்மெல்? செத்துருவேன் போல."

"செருப்பைப் போடு. பூன் கெங் போறோம்."

"இந்த மழையில கிராப் டாக்ஸி கெடைக்காது."

"ரெண்டு ஸ்டேஷன்தானடி, எம்ஆர்டி எதுக்கு இருக்கு? நடக்குறப்ப தோசையத் தின்னுக்க."

"எம்ஆர்டில சாப்டா ஃபைன் மா!"

"அப்ப படி எறங்குறதுக்குள்ள முடி."

பள்ளி, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்தது. சனிக்கிழமை அரை நாள் திறந்திருக்கும். தலைமையாசிரியை லீலா வாசலிலேயே மறித்தார். சிரித்தார், ஆனால் வழி விடவில்லை.

"சிக்கன் ஆண்ட்டி, நீங்கதான கதவுல நோட்டீஸ் ஒட்டுனீங்க? பதினெட்டாம் நாளுக்கு மேல யாரும் மூடியைத் தொறக்கக் கூடாதுன்னு? பிள்ளைங்க எல்லாம் பயந்து விரல்கூட வைக்கல."

"ஆமா மேடம். தொறந்தா ஈரம் எறங்கிரும். தோல் காஞ்சு குஞ்சு உள்ளயே ஒட்டிக்கும்."

"பின்ன?"

"தொறக்கலைன்னா எல்லாம் செத்துரும்."

வசந்தகுமாரி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். தோல்வியை மழுப்பவில்லை. மூன்று பள்ளிக் கணக்கு, உடைத்துப் பார்த்தது, பென்சில் முட்டை. அச்சுக்கடையில் அளவு மாறிப்போனதை ரெங்கசாமி இடையில் புகுந்து சொன்னான். லீலாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"ஸ்டிக்கரை எடுத்தா கண்டிப்பா பொரிக்குமா?"

"கண்டிப்பா சொல்ல முடியாது. எடுக்கலைன்னா கண்டிப்பா பொரிக்காது. அதை மட்டும் சொல்லுவேன்."

லீலா அவளை ஒரு கணம் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

அறையின் ஏர்கானை அணைத்தார்கள். யாமினி வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். ரெங்கசாமி மூடியைப் பிடித்தான். ஒரு முட்டை வெளியே வந்ததும் மூடி மூடும். அது திரும்பியதும் ஒரு விரற்கடை திறக்கும். வசந்தகுமாரி ஒவ்வொன்றையும் சூட்டுத் துண்டுக்குள் வாங்கினாள். எண்ணெய் தொட முடியாது, துளை அடைத்துவிடும். ஸ்பிரிட் துடைப்பான் தொட முடியாது, உள்ளே இறங்கிவிடும். நகம்தான். இதழின் நுனியைப் பிடித்து, ஓட்டோடு படிந்தபடியே, பின்னோக்கி உரிக்க வேண்டும். தூக்கி இழுத்தால் ஓடு பிளக்கும். பெட்டிச் சூட்டில் பசை இளகியிருந்தது மட்டும் ஆறுதல்.

இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலை மைக்ராஸ்கோப்பின் கீழ் தலைமயிரைவிட மெல்லிய கம்பியை ஒட்டிய விரல்கள். அவசரப்படவில்லை.

ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுற்றி, பொடி எழுத்தில், 'வசந்தகுமாரியின் குஞ்சு வகுப்பு' என்று இருந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் கிழிந்தது அவள் பெயர்தான்.

"நாப்பது செகண்ட்," என்றாள் யாமினி. "ம்மா, நீ செம ஃபாஸ்ட் லா."

"பேசாத. எனக்குக் கேக்கணும்."

நான்காவது முட்டையைக் காதில் வைத்தாள். உள்ளே பென்சிலால் தாளைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். அவள் முகத்தைப் பார்த்தே ரெங்கசாமிக்குப் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பிடித்தான்.

ஒன்பதாவதில் ஒரு இதழ் அடம் பிடித்தது. 'டக்' என்று மெல்லிய சத்தம். ஓட்டில் மயிரிழை விரிசல். வசந்தகுமாரி உதட்டைக் கடித்தாள். எதுவும் சொல்லாமல் அதையும் பெட்டிக்குள் வைத்தாள்.

பன்னிரண்டாவதும் உள்ளே போனபின் பென்சிலை எடுத்துப் பெயர்களை எழுதத் திரும்பியவளை லீலா தடுத்தார்.

"விடுங்க ஆண்ட்டி. மறுபடி தொறக்க வேணாம். எது யாரோடதுன்னு நான் பெட்டியைப் படம் வரைஞ்சு வெச்சுக்கிறேன்."

ஈரமானி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபதைத் தொட இருபது நிமிடம் ஆயிற்று. அறுபத்தேழில் நின்றதும்தான் வசந்தகுமாரி தரையில் உட்கார்ந்தாள்.

லீலா காப்பிக்கடையிலிருந்து பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் தேநீர் வாங்கி வரச் சொன்னார். நான்கு பையில்.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு முதல் ஓடு விரிந்தது.

பிள்ளைகள் வரிசையில் நிற்க மறந்தார்கள். ஆசிரியைகள் வரிசையில் நிறுத்த மறந்தார்கள். வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர் ஐந்தாறு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவை அடைத்தார்கள். பத்து மணிக்குள் ஆறு. பதினொன்றுக்கு ஒன்பது. பதினொன்றே முக்காலுக்குப் பத்தாவது குஞ்சு, ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது.

விரிசல் விழுந்த முட்டை பொரிக்கவில்லை. இன்னொன்றிலும் சத்தமில்லை. விரிசல் முட்டைக்குச் சொந்தக்காரி ஷிவானி, நேராக வசந்தகுமாரியிடம் வந்து நின்றாள்.

"என் குஞ்சு ஏன் வரல?"

"எடுக்கும்போது என் நகம் பட்டுருச்சு கண்ணு. ஆண்ட்டி தப்பு. அடுத்த டெர்ம் உனக்கு நானே ஒண்ணு வைக்கிறேன்."

ஷிவானி யோசித்தாள். "பேரு பென்சில்லயே எழுதுங்க," என்றாள்.

துரைசாமிக்கு வீடியோ போனது. உடனே குரல்பதிவு வந்தது. பண்ணைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான்: "பத்து! நாமக்கல் கொடி பறக்குதுங்கக்கா!" வசந்தகுமாரியின் கழுத்து அரை அங்குலம் நீண்டது. ரெங்கசாமி அதைப் பார்த்தான். பார்த்து ஒரு மாதம் ஆயிற்று.

மதியம் அலுவலக அறையில் லீலா கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"மேனேஜ்மென்ட்கிட்டக் கேட்டாச்சு. அடுத்த டெர்ம் தொடருது, பதினாலு ஸ்கூலும். ஒரு ரிப்போர்ட் மட்டும் வேணும். 'தோல்விக்குக் காரணம், பொறுப்பு'ன்னு ரெண்டு கட்டம். காரணம், ஸ்டிக்கர் காற்றை அடைத்தது. பொறுப்பு…" தட்டினார். "'அச்சகத்தின் அளவுப் பிழை.' சார் அன்னிக்குச் சொன்னாரே. ஓகேதானே?"

எளிதான வரி. மூவரையும் விட்டு எங்கோ டன்லப் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஒரு கடையின் மேல் போய் உட்காரும் வரி. அனுப்பினால் முடிந்தது.

ரெங்கசாமி தொண்டையைச் செருமினான்.

"வேணாம் மேடம். ஜாஃபர் நல்ல ஆளு. அளவு மாறியிருக்குன்னு வாங்கும்போதே என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. சொல்லாம வாங்கி, என் கையாலயே ஒட்டினேன். என் பேரைப் போடுங்க. ரெங்கசாமி. இவ தொழில்ல எந்தக் குறையும் இல்ல."

நிமிர்ந்து சொன்னான். பட்டறையில் சூப்பர்வைசர் முன் நிற்பதுபோலக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டான்.

லீலாவின் விரல் விசைப்பலகையை நோக்கிப் போனது.

"நிறுத்துங்க மேடம்," என்றாள் வசந்தகுமாரி. "அவர் பேரும் வேணாம். என் பேரைப் போடுங்க."

"அட, புருஷனைக் காப்பாத்துறீங்களா ஆண்ட்டி?"

"இல்ல. நான் யாரையும் காப்பாத்தல." அவள் கணவனைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல லட்சம் டிஸ்க்காவது என் கையில போயிருக்கும். ஒண்ணுலகூட என் பேரு கெடையாது. இந்தத் தொழில் நான் உண்டாக்குனது. அதுக்கும் இந்த ஊர்ல எனக்குப் பேரு சிக்கன் ஆண்ட்டி."

லீலாவின் முகம் லேசாகச் சிவந்தது.

"முன்னெல்லாம் உச்சியில டார்ச் வெச்சு ஒவ்வொரு முட்டைக்கும் காத்துப் பை பாப்பேன். குல்லாய் வந்தப்புறம் உச்சி மறைஞ்சு போச்சு. விலாவுல வெச்சு நரம்பு ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு விட்டுட்டேன். உச்சி ஏன் தெரியலன்னு எனக்கு ஒரு தடவைகூடக் கேள்வி வரல. ஏன்னா அந்த எடத்துல என் பேரு இருந்துச்சு."

"வசந்தா," என்றான் ரெங்கசாமி. "அளவை மாத்துனது ஜாஃபர்தான…"

"அஞ்சு காசு அளவுல பிள்ளை பேருக்கே எடம் பத்தாதுங்க. நீங்க டிசைன் குடுத்துட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலம் நான் ஜாஃபருக்குப் போன் பண்ணினேன். குல்லாய் மாதிரி பெருசா அடிங்க, மேலேருந்து பாத்தா தெரியணும், சுத்திலும் என் பேரு வரணும்னு சொன்னேன்."

ஒரு மூச்சு எடுத்தாள்.

"இவருகிட்டச் சொல்ல வேணாம்னு ஜாஃபர்கிட்டச் சொன்னதும் நான்தான்."